மகப்பேறு விடுப்பு முடிந்து என்றைக்குத் திரும்புவது? தேதியைக் குறிப்பதும் மாற்றுவதும்

மகப்பேறு விடுப்பில் இருப்பவர்களிடமிருந்து ஹெச்.ஆர். மேசைக்கு வரும் கேள்விகளில் முக்கால்வாசி, குழந்தைக்கு நாலு மாதம் முடிந்த பிறகுதான் வரும். "திரும்பும் தேதியை ஒரு மாசம் தள்ளிப் போட முடியுமா?" பல சமயம் முடியும். ஆனால் அதற்குள் நல்ல வழிகளில் பாதி கையைவிட்டுப் போயிருக்கும். திரும்பும் தேதி முடிவாவது விடுப்பு தொடங்குகிற அன்றைக்கே. பின்னால் செய்வதெல்லாம் அதை ஒட்டிய சரிக்கட்டல்தான்.

நான் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் இந்த மேசையில் வேலை பார்க்கிறவள். ஆகவே இங்கே சொல்வது தனியார் வேலையில் இருக்கும், முதல் அல்லது இரண்டாவது குழந்தைக்குக் காத்திருக்கும் பெண்களுக்கு. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை 1 முதல் 365 நாள் விடுப்பு. மத்திய அரசில் 180 நாளும், அதற்கு மேல் பணிக்காலம் முழுதுக்குமாக 730 நாள் குழந்தை பராமரிப்பு விடுப்பும் உண்டு. அவர்கள் கணக்கு வேறு, கவலையும் வேறு.

தனியாருக்கு 26 வாரம். 2017-இல் 12 வாரத்திலிருந்து உயர்த்தியது. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. ஆனால் நமக்கு வேண்டிய எண்கள் மாறவில்லை. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். 26 வாரத்தில் அதிகபட்சம் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்னால் எடுக்கலாம். பிரசவத்துக்குப் பின் 6 வாரம் யாரும் உங்களை வேலை வாங்கக் கூடாது. நீங்களே விரும்பினாலும் கூடாது. மூன்றாவது குழந்தை என்றால் மொத்தமே 12 வாரம், முன்னால் 6.

"அதிகபட்சம் 8" என்பதைப் பலர் "எட்டு வாரம் முன்னாலேயே போயாக வேண்டும்" என்று படித்துவிடுகிறார்கள். அங்கேதான் கணக்கு தப்புகிறது. முன்னால் எடுக்கும் ஒவ்வொரு வாரமும் பின்னால் குறையும்.

டாக்டர் சொன்ன பிரசவத் தேதி 2026 மார்ச் 16, திங்கட்கிழமை என்று வைத்துக்கொள்வோம். எட்டு வாரம் முன்னால், ஜனவரி 19-இல் லீவைத் தொடங்கினால் திரும்ப வேண்டியது ஜூலை 20. அன்றைக்குக் குழந்தைக்கு நாலு மாதமும் நாலு நாளும். இரண்டு வாரம் முன்னால், மார்ச் 2-இல் தொடங்கினால் திரும்புவது ஆகஸ்ட் 31. குழந்தைக்கு ஐந்தரை மாதம். கடைசி நாள் வரை வேலை பார்த்து மார்ச் 16-இல்தான் தொடங்கினால் செப்டம்பர் 14. அது விநாயகர் சதுர்த்தி, ஆக 15-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை போனால் போதும். அந்த வாரம் குழந்தைக்கு ஆறு மாதம் நிறைகிறது.

நாலு மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று ஆண் மேனேஜர்கள் கேட்பார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் ஊர் குழந்தை மருத்துவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். நாலு மாதக் குழந்தையை விட்டுப் போனால் பகல் முழுவதும் பீய்ச்சி வைத்த பாலை நம்பியே இருக்க வேண்டும். ஆறு மாதத்தில் கூழ், பருப்புச் சாதம் என்று தொடங்கிவிடலாம். பகலில் ஒரு வேளைப் பால் குறைந்தாலும் சமாளிக்கலாம். பல டேகேர்கள் ஆறு மாதத்துக்குக் கீழே குழந்தையைச் சேர்த்துக்கொள்வதே இல்லை. பீய்ச்சிய பால் 25 டிகிரியில் நாலு மணி நேரம் தாங்கும் என்பார்கள். ஏசி இல்லாத சென்னை அறை ஜூலையில் 25 டிகிரியிலா இருக்கிறது? ஃபிரிட்ஜும் ஐஸ் பேக்கும் இல்லாமல் அந்த நாலு மணி நேரத்தை நம்ப வேண்டாம்.

சரி, அப்படியென்றால் எல்லோரும் ஏன் கடைசி வரை வேலை பார்ப்பதில்லை? உடம்பு ஒரு காரணம். ரத்த அழுத்தம், சர்க்கரை, இரட்டைக் குழந்தை என்றால் டாக்டர் சொல்வதுதான் தேதி. அங்கே கணக்குப் போடக் கூடாது. ஆனால் நான் பார்த்தவரை, உடம்பு நன்றாக இருப்பவர்களுக்கும் தேதியை முடிவு செய்வது வளைகாப்பு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் போட்டு, அன்றைக்கே அம்மா வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். அம்மா வீடு மதுரையிலோ தஞ்சாவூரிலோ இருக்கும். ஊருக்குப் போனால் லீவு தொடங்கியாயிற்று. அப்படிப் போன ஆறு வாரம்தான், குழந்தைக்கு அஞ்சாம் மாதம் நடக்கும்போது "ஒரு மாசம் கிடைக்குமா" என்று கேட்க வைக்கிறது.

இதற்கு என் யோசனை: வளைகாப்பு முடிந்து ஊருக்குப் போங்கள், ஆனால் லீவில் போகாதீர்கள். அம்மா வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கேளுங்கள். பிரசவத்துக்கு முன் ஆறு வாரம் ஒர்க் ஃப்ரம் ஹோம் கேட்டால் பெரும்பாலான மேனேஜர்கள் தலையாட்டிவிடுவார்கள், ஒன்பதாம் மாத வயிற்றோடு ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் வா என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. பிரசவத்துக்குப் பின் அதே ஆறு வாரத்தைக் கேட்டுப் பாருங்கள், "பாலிசி பார்க்கணும்" என்பார்கள். தொழிற்சாலை, கடை, மருத்துவமனை வேலைகளில் இந்த வழி கிடையாது. அங்கே உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்பதுதான் அடுத்த வழி. கடினமான வேலை, நெடுநேரம் நின்று செய்யும் வேலை ஆகியவற்றிலிருந்து கடைசிக் கட்டத்தில் விலக்குக் கேட்கும் உரிமையைச் சட்டமே தருகிறது.

குழந்தை தேதி தவறிப் பிறந்தால்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மார்ச் 2-இல் லீவு தொடங்கி, குழந்தை மார்ச் 25-இல் பிறந்தால்? 26 வாரம் அதே 26 வாரம்தான். திரும்பும் தேதி ஆகஸ்ட் 31 என்றே நிற்கும், குழந்தைக்கு மட்டும் ஒன்பது நாள் வயது குறைவு.

முன்னதாகப் பிறந்தால்தான் உண்மையான சிக்கல். பிப்ரவரி 20-லேயே வலி எடுத்துவிட்டது என்றால் லீவு அன்றே தொடங்குகிறது. 26 வாரம் ஆகஸ்ட் 20-இல் முடிகிறது. 21-ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஆபீசில் இருக்க வேண்டும். ஆனால் நிறுவனத்தின் லீவு போர்ட்டலில் நீங்கள் ஜனவரியில் போட்டு வைத்த விண்ணப்பம் மார்ச் 2 என்றே இருக்கும். யாராவது அதைத் திருத்தினால் சரி. திருத்தாவிட்டால், நீங்கள் ஆகஸ்ட் 31 என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். சம்பளப் பிரிவில் ஒருநாள் கண்டுபிடித்து ஆறு வேலை நாளுக்கு லாஸ் ஆஃப் பே, அதாவது சம்பளமில்லா விடுப்பு போடுவார்கள், அல்லது கொடுத்ததைப் பிடிப்பார்கள். ஆகவே குழந்தை பிறந்த வாரத்திலேயே, பிறப்புச் சான்றோ டிஸ்சார்ஜ் சம்மரியோ கையில் வந்ததும், கணவரோ தங்கையோ ஒரு மெயில் போட்டு இரண்டு தேதிகளைக் கேட்டு வாங்கட்டும்: லீவு தொடங்கியதாக நீங்கள் பதிந்திருக்கும் தேதி எது, நான் திரும்ப வேண்டிய தேதி எது. பதில் எழுத்தில் வரட்டும்.

தள்ளிப் போடுவதென்றால் எதைக் கொண்டு?

மூன்று வழி இருக்கிறது, மூன்றும் ஒன்றல்ல.

முதலில் பலருக்குத் தெரியாத வழி. கர்ப்பம், பிரசவம், குறைமாதப் பிறப்பு, கருச்சிதைவு ஆகியவற்றால் வந்த நோய்க்கு, 26 வாரத்துக்கு மேல் ஒரு மாதம் வரை சம்பளத்தோடு விடுப்பு தரச் சட்டம் சொல்கிறது. இது சலுகை இல்லை, உரிமை. சிசேரியன் காயம் ஆறாமல் இருப்பது, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு, குறைமாதக் குழந்தை என்று மருத்துவர் எழுதித் தந்தால் இதில் வரும். குழந்தைக்கு வந்த சாதாரணச் சளி, காய்ச்சல் வராது. சான்றிதழ் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "ஓய்வு தேவை" என்று இரண்டே சொல்லில் வரும் சீட்டுகளை வைத்துக்கொண்டு ஹெச்.ஆர். ஒன்றும் செய்ய முடியாது. அது சாதாரண மருத்துவ விடுப்பாகிவிடும். என்ன நோய், அது பிரசவத்தால் வந்தது, எத்தனை நாள் வேண்டும் என்ற மூன்றும் அந்தச் சீட்டில் இருக்க வேண்டும். மகப்பேறு மருத்துவரிடம் கேட்டால் எழுதித் தருவார், கேட்கத்தான் வேண்டும்.

அடுத்தது ஈ.எல். சேர்ந்திருக்கும் ஈட்டிய விடுப்பை மகப்பேறு விடுப்பின் வாலில் ஒட்ட வைப்பது. மேலே சொன்ன ஆகஸ்ட் 31-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். பத்து ஈ.எல். போட்டால் செப்டம்பர் 11 வரை ஓடிவிடும், நடுவில் வரும் கிருஷ்ண ஜெயந்திக்கு உங்கள் ஆபீசில் லீவு என்றால் ஒன்பதே போதும். சம்பளம் குறையாது, குழந்தைக்கும் ஆறு மாதம் ஆகிவிடும். எனக்குப் பிடித்த வழி இதுதான். ஆனால் இருக்கிற ஈ.எல்.-ஐ எல்லாம் இதில் துடைத்துப் போடாதீர்கள். டேகேரில் சேர்ந்த முதல் சில மாதம் குழந்தைக்கு மாற்றி மாற்றிக் காய்ச்சல் வரும். ஒன்பதாம் மாதம் தட்டம்மை தடுப்பூசி. பார்த்துக்கொள்ளும் பாட்டிக்குக் கண் ஆபரேஷன். அப்போது எடுக்கக் கையில் பத்து நாளாவது இருக்க வேண்டும்.

கடைசி வழி லாஸ் ஆஃப் பே. சம்பளம் இல்லை என்பது மட்டும் அல்ல. அந்த மாதம் பி.எஃப்.-க்கும் ஒன்றும் போகாது, வீட்டுக் கடன் தவணை மட்டும் தவறாமல் வரும். சில நிறுவனங்களில் நடுவில் வரும் சனி, ஞாயிறையும் சேர்த்து வெட்டுவார்கள், சாண்ட்விச் விதி என்பார்கள். விண்ணப்பிக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். இதைவிட முக்கியமானது ஒன்று. மகப்பேறு விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலையை விட்டு நீக்கக் கூடாது, அவளுக்குப் பாதகமாக வேலை நிபந்தனைகளை மாற்றக் கூடாது என்ற பாதுகாப்பு, சட்டப்படி எடுத்த விடுப்புக்குத்தான். 26 வாரமும், மருத்துவக் காரண மாதமும் அதில் அடங்கும். அதற்கு மேல் எடுக்கும் லாஸ் ஆஃப் பே, நிறுவனம் மனமிரங்கித் தருவது. அந்த நாட்களில் டீமைக் கலைத்துப் போட்டால் உங்கள் பக்கம் பேசச் சட்டத்தில் அவ்வளவு இடமில்லை. ஒரு மாதத்துக்கு மேல் லாஸ் ஆஃப் பே எடுப்பவர்களுக்கு நான் சொல்வது: எடுக்கிற காரணம் என்ன, அந்த மாதம் முடியும்போது அந்தக் காரணம் தீர்ந்திருக்குமா? பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம் என்றால், அடுத்த மாதம் ஆள் தானாக வந்துவிட மாட்டார்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. என்ற அரசுத் தொழிலாளர் காப்பீட்டில் இருப்பவர்களுக்குப் பணம் நிறுவனத்திலிருந்து வராது, ஈ.எஸ்.ஐ. நேராக வங்கிக் கணக்கில் போடும். அதுவும் 26 வாரம், முழுச் சராசரி ஊதியம். மருத்துவக் காரணத்துக்கு ஒரு மாத நீட்டிப்பு அங்கேயும் உண்டு, ஆனால் சான்று ஈ.எஸ்.ஐ. வழியாக வர வேண்டும். இவர்கள் தேதியை மாற்ற ஆபீசில் மட்டும் சொன்னால் போதாது.

முன்னதாகத் திரும்பினால்

ஆறு வாரம் கழிந்த பின் நீங்களாக விரும்பித் திரும்பத் தடை இல்லை. ஆனால் விட்ட வாரங்கள் போனதுதான், பின்னால் எடுக்க முடியாது. இரண்டு சம்பளமும் வராது. வேலை பார்க்கும் நாளுக்கு மகப்பேறு ஊதியம் கிடையாது. "அம்மா ஜூன் வரைதான் இங்கே இருப்பாங்க, அதுக்குள்ள போயிட்டு வந்துடறேன்" என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. விடுப்பைத் துண்டு துண்டாக எடுக்கச் சட்டத்தில் வழி இல்லை என்பதால் அந்தக் கணக்கு பலிக்காது. மதிப்பீட்டுக் காலம் மார்ச்சில் முடிகிறது, அதற்குள் போனால் ரேட்டிங் நன்றாக வரும் என்பது இன்னொரு ஆசை. இரண்டு மாதம் வேலை பார்த்துவிட்டு ரேட்டிங்கில் பெரிதாக எதுவும் மாறி நான் பார்த்ததில்லை. மேனேஜரே போன் போட்டு "சீக்கிரம் வர முடியுமா" என்று கேட்டால், முடியாது என்று சொல்லிவிட்டு வைக்கலாம். "ஒரே ஒரு கால்" என்று லீவில் லேப்டாப்பைத் திறக்காதீர்கள், அது ஒன்றோடு நிற்காது.

வீட்டிலிருந்து வேலை

விடுப்பு முடிந்த பின், வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இருதரப்பும் பேசி வைத்துக்கொள்ளும் நிபந்தனைகளின்படி வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்று சட்டத்திலேயே ஒரு வரி இருக்கிறது. இருதரப்பும் பேசி என்பதைக் கவனியுங்கள். கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது.

ஒரு மாதம் லாஸ் ஆஃப் பே ஒரு பக்கம், சொன்ன தேதியில் திரும்பி மூன்று மாதத்துக்கு வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை மறுபக்கம் என்றால், நான் இரண்டாவதைத்தான் கேட்கச் சொல்வேன். சம்பளம் வருகிறது, பயண நேரம் மிச்சம், பால் கொடுக்கவும் முடிகிறது. ஒரே நிபந்தனை: வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும். மீட்டிங் நடக்கும்போது மடியில் குழந்தை இருந்தால் இரண்டு வேலையும் நடக்காது. ஆபீஸ் போகும் நாட்களுக்கு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான இடைவேளைக்கு மேல் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம் என்றால் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்கலாம். உங்கள் நிறுவனம் எந்த டேகேரோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறது, அது வீட்டருகிலா ஆபீஸ் அருகிலா என்பதைத் திரும்பும் தேதியைச் சொல்வதற்கு முன்னாலேயே போய்ப் பார்த்துவிடுங்கள். குழந்தை அந்த இடத்துக்குப் பழக ஒரு வாரமாவது பிடிக்கும். அந்த வாரம் லீவுக்குள்ளேயே இருக்கட்டும்.

எப்படிக் கேட்பது

தேதியை மாற்ற வேண்டும் என்று தெரிந்தால், லீவு முடிய நாலு வாரம் இருக்கும்போதே கேளுங்கள். உங்கள் இடத்தில் ஒப்பந்தத்தில் ஒருவர் வேலை பார்த்துக்கொண்டிருப்பார். அவரை நீட்டிக்க மேனேஜருக்கு அந்த நாலு வாரம் வேண்டும். முதலில் மேனேஜரிடம் போனில் பேசுங்கள், அதன் பிறகு அவரையும் சேர்த்து ஹெச்.ஆர்.-க்கு மெயில். மாற்றிச் செய்தால், அதாவது மேனேஜருக்கு ஹெச்.ஆர். மூலம் தெரியவந்தால், பாலிசி அனுமதித்தாலும் அவர் முகம் சுளிப்பார்.

மெயிலில் கதை வேண்டாம். "என் மகப்பேறு விடுப்பு ஆகஸ்ட் 30-இல் முடிகிறது. ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 11 வரை ஈ.எல். எடுத்து, செப்டம்பர் 15 அன்று வேலைக்கு வருகிறேன். அன்று முதல் டிசம்பர் 15 வரை வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி வேண்டும். பதில் மெயிலில் உறுதி செய்யவும்." இவ்வளவுதான். எல்லாவற்றையும் ஒரே தடவையில், தேதியோடு கேளுங்கள். "இன்னும் ஒரு வாரம்", அது முடிந்ததும் "இன்னும் ஒரு வாரம்" என்று மூன்று தடவை கேட்பவரைவிட, ஒரே தடவையில் ஒரு மாதம் கேட்பவருக்கு எளிதாகக் கிடைத்துவிடும்.

மெயில் போட்டதோடு விடாதீர்கள். போர்ட்டலில் தேதி மாறியிருக்கிறதா என்று பாருங்கள். சம்பளக் கணக்கு பெரும்பாலும் 20-ஆம் தேதியை ஒட்டி மூடப்படும், அதற்குள் மாறியிருக்க வேண்டும். மாறாவிட்டால், மேனேஜர் வாயால் சரி என்று சொல்லியிருந்தாலும், பழைய தேதிக்கு மூன்று நாள் கழித்து "அனுமதியின்றி வேலைக்கு வரவில்லை" என்று ஒரு கடிதம் சிஸ்டத்திலிருந்து தானாகவே கிளம்பி வரும். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அதைப் படித்துவிட்டு அழுதுகொண்டே எங்களுக்குப் போன் செய்தவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, திங்கட்கிழமை திரும்பாதீர்கள். புதனோ வியாழனோ போனால் முதல் வாரம் இரண்டு மூன்று நாளில் முடிந்து சனிக்கிழமை வந்துவிடும்.

வேலையை விடுவதும் ஒரு வழிதான், அதையும் சொல்லியாக வேண்டும். விடுவதென்று முடிவானாலும் அதை லீவுக்குள் வைத்து மெயில் போடாமல், திரும்பிப் போய் ஒரு மாதமாவது பார்த்துவிட்டுப் போடுங்கள். பல நிறுவனங்களில் நோட்டீஸ் காலத்தை லீவில் கழிக்க விடுவதில்லை, எப்படியும் இரண்டு மூன்று மாதம் போக வேண்டியிருக்கும். ஐந்து வருடம் முடியும் தறுவாயில் இருப்பவர்கள் கிராஜுவிட்டி (பணிக்கொடை) கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்; 26 வார மகப்பேறு விடுப்பு அதில் வேலை பார்த்த நாட்களாகவே சேரும்.